பச்சைப் புள்ளியியல்: ஒப்பந்தப் பணியாளரின் இருப்பும் இன்மையும் பற்றி ஓர் ஆராய்ச்சி

சென்னை ஓஎம்ஆரில் தரமணி தொடங்கிச் சிறுசேரி வரை நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் தினமும் காலையில் இருவகை மாந்தர் நுழைகின்றனர். புறத்தோற்றத்தில் வேறுபாடு காண இயலாது. இருவர் முதுகிலும் பை, இருவர் காதிலும் ஹெட்செட், இருவர் டிபன் பாக்ஸிலும் எலுமிச்சை சாதம். வேறுபாடு கழுத்தில் தொங்கும் டேகின் நாடாவில் இருக்கிறது. நீல நாடா என்றால் கம்பெனி ஆள். ஆரஞ்சு என்றால் கான்ட்ராக்ட். நிறம் கட்டடத்துக்குக் கட்டடம் மாறும், தத்துவம் மாறாது.

நம் இலக்கணிகள் உலகத்தை உயர்திணை, அஃறிணை என்று இரண்டாகப் பகுத்தார்கள். கம்பெனி இலக்கணமும் அவ்வாறே பகுக்கிறது. நீல நாடாக்காரர் மனிதவளத் துறையின் கீழ் வருவார், ஆகவே உயர்திணை. ஆரஞ்சு நாடாக்காரர் பல நிறுவனங்களில் கொள்முதல் துறையின் கீழ் வருவார். நாற்காலிக்கும் பிரிண்டர் மைக்கும் தண்ணீர் கேனுக்கும் பர்ச்சேஸ் ஆர்டர் போடும் அதே துறைதான் அவருக்கும் போடுகிறது. ஆகவே அஃறிணை. ஆனாலும் நாற்காலிக்கு ஒரு சலுகை உண்டு. அது எத்தனை மணிக்கு வந்தது, நடுவில் எங்கே போயிருந்தது என்று யாரும் அதைக் கேட்பதில்லை.

இந்த அஃறிணைப் பொருளின் வருகையையும் வேலை நேரத்தையும் கிளையன்ட், அதாவது வேலை வாங்கும் கம்பெனி, எவ்வாறு அளக்கிறார், அளக்கப்படும் பொருள் அதற்கு எவ்வாறு ஒத்துழைப்பதுபோல் இருக்கிறது என்பதே ஆய்வுப்பொருள். கருதுகோளை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. கிளையன்ட்டுக்குக் கான்ட்ராக்ட் ஆளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் தான் பார்த்ததாக எந்தக் காகிதத்திலும் இருக்கக் கூடாது. இந்த இரண்டு ஆசைகளுக்கும் நடுவில் உள்ள இடுக்கில்தான், ஆளை அனுப்பி வைக்கும் வெண்டர் என்றொரு நிறுவனம் பிழைக்கிறது, அதன் தயவில் நாங்களும் பிழைக்கிறோம். தரவுகள் சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஒரு டீக்கடையில் திரட்டப்பட்டவை. தகவல் தந்தோர் தங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதோடு, டீக்கும் சமோசாவுக்கும் ஆய்வாளரே காசு கொடுத்துவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டனர்.

முன்னோர் கண்ட வருகை

வருகைப் பதிவு நேற்று முளைத்த காளான் அல்ல. பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் சில்லு இருக்கிறது. எகிப்திய அரசர்களுக்குக் கல்லறை குடைந்த தெய்ர் எல் மெதினா என்ற ஊர்த் தொழிலாளர்களின் வருகைப் பதிவு அது. இரண்டாம் ராம்செஸின் 40ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, கி.மு. 1250 வாக்கில் எழுதியது. 40 பேர், 280 நாள். தேதி கறுப்பு மையில், வராததற்கான காரணம் சிவப்பு மையில். தேள் கொட்டிவிட்டது. கண் வலி. தாயின் சடலத்துக்குத் துணி சுற்றப் போனார். பீர் காய்ச்சினார்.

பீர் காய்ச்சியதை மறைக்காமல் சொன்ன தொழிலாளியின் நேர்மையையும், முகம் சுளிக்காமல் அதைக் குறித்துக்கொண்ட எழுத்தரின் பெருந்தன்மையையும் இன்றைய லீவ் போர்ட்டலில் தேடினால் கிடைக்காது. அங்கே அம்புக்குறியை அழுத்தினால் சிக், கேஷுவல், அதர்ஸ் என்று மூன்றே மூன்று விரியும். தாய்க்குத் துணி சுற்றப் போனவரும் அதர்ஸ், பீர் காய்ச்சியவரும் அதர்ஸ்.

நம் பக்கம் வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் பொறித்த கல்வெட்டு ஒன்று கோயில் பணிசெய்த 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தெரு, சிறகு, எத்தனையாவது வீடு என்ற விவரத்தோடு வரிசையாகச் சொல்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். தொடர்ந்து நட்டுவனார், கணக்கர், குடை பிடிப்பவர், தையற்காரர், நாவிதர், தச்சர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. வெண்டர் அக்ரிமென்ட் படித்து நொந்தவர்கள் கவனிக்க வேண்டிய இடம் அதற்குப் பிறகு வருகிறது. பணியாளர் இறந்துபோனாலோ தேசம் விட்டுப் போனாலோ அவருக்கு அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுக்கொண்டு வேலையைச் செய்யலாம். அந்த உறவினருக்கு வேலை தெரியாது என்றால், தெரிந்த ஒருவரை வைத்துச் செய்விக்கலாம்.

அதாவது வேலை நடந்தால் போதும், இன்னாருடைய உடம்புதான் வந்து நிற்க வேண்டும் என்று சோழ நாட்டுப் பேரரசன் கேட்கவில்லை. இதே யோசனை பல நூற்றாண்டு கழித்து இங்கிலாந்து நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தது. 1968இல் கான்கிரீட் கம்பெனிக்கு லாரி ஓட்டிய ஒருவர் கூலியாளா, சொந்தத் தொழில் செய்பவரா என்று ஒரு வழக்கு. தனக்குப் பதிலாக வேறு டிரைவரை அனுப்ப அவருக்கு இடமிருந்தது என்பதும் சேர்ந்து, அவர் சொந்தத் தொழில் செய்பவர் என்று தீர்ப்பானது. 2000இல் ஐஆர்35 என்ற வரிவிதி அங்கே வந்த பிறகு, கூலியாள் என்று கருதப்படாமல் இருக்க, மாற்றாள் அனுப்பும் உரிமையைக் கான்ட்ராக்டில் எழுதி வாங்கிக்கொள்வது பிரிட்டிஷ் கான்ட்ராக்டர்களுக்குப் பிழைப்பின் ஒரு பகுதி ஆகிவிட்டது. சோழிங்கநல்லூரில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். உடம்பு சரியில்லை என்று தம்பியை அனுப்பினால், செக்யூரிட்டி அண்ணன் டேகில் உள்ள போட்டோவையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, ‘இது நீ இல்லையேப்பா’ என்று ஓரமாக நிற்க வைத்துவிடுவார்.

ஆஃப்ஷோர் முறையின் தந்தை என்று ஆம்ப்ரோஸ் கிரௌலியைச் சொல்ல இவ்வாய்வாளருக்குத் தயக்கமில்லை. லண்டன் பக்கம் உட்கார்ந்துகொண்டு, இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் இருந்த தன் இரும்பு ஆலைகளைக் கடிதத்திலேயே நடத்தினவர். 1700 வாக்கில் அவர் எழுதி வைத்த சட்டப் புத்தகத்தில் மானிட்டர் என்றே ஒரு பதவி உண்டு. ஒவ்வோர் ஆளுக்கும் டைம்ஷீட் எழுதுவது அவர் வேலை. வாரத்துக்கு 80 மணி நேரம் நிகர உழைப்பு. சாராயக்கடை, காபிக்கடை, காலைச் சாப்பாடு, தூக்கம், புகை, பாட்டு, செய்தி படித்தல், வாய்ச்சண்டை எல்லாவற்றையும் கழித்தது போக 80. மானிட்டரின் கடிகாரம் தவிர வேறு கடிகாரம் செல்லாது, அதிலும் யாரும் கை வைக்கக் கூடாது. அந்தக் கழிவுப் பட்டியலில் இன்றைக்குப் புதிதாகச் சேர்க்க வேண்டியது செல்போன் ஒன்றுதான்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் விடிவதற்குள் பெரட்டுக்களத்தில் தலை எண்ணினார்கள். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் பெரிய கங்காணிக்குத் தினமும் சில்லறை சேர்ந்தது. காய்ச்சலில் படுத்தவரையும் அவர் ஏன் லயம் எனப்பட்ட வரிசை வீட்டிலிருந்து கிளப்பினார் என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டாம். அந்த மக்கள் பட்டது வேறு, ஏசி அறையில் நாங்கள் படுவது வேறு, இரண்டையும் ஒன்றென்பது அநியாயம். ஆனால் தலைக்கு இவ்வளவு, நாளைக்கு இவ்வளவு என்ற கணக்கு முறை மட்டும் அப்படியே வெண்டரின் எக்செல் ஷீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

எந்திரம் பிந்தி வந்தது. நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் ஊரில் நகைக்கடை வைத்திருந்த வில்லர்ட் பண்டி 1888இல் ஒரு கடிகாரம் செய்தார். தொழிலாளி தன் எண் பொறித்த சாவியை நுழைத்துத் திருப்பினால் நேரம் காகிதத்தில் விழும். அவர் குடும்பம் தொடங்கிய கம்பெனி வேறு கம்பெனிகளோடு இணைந்து, 1911இல் பெரிய கம்பெனி ஒன்றில் கலந்தது. அந்தப் பெரிய கம்பெனி 1924இல் பெயர் மாற்றிக்கொண்டு ஐபிஎம் ஆனது. ஆக, கம்ப்யூட்டரின் பூர்விகத்தைத் தோண்டினால் ஆள் எத்தனை மணிக்கு வந்தான் என்று அச்சடிக்கும் மிஷினில் போய் முட்டுகிறது. நடுவில் சந்திரனுக்கு ஆள் அனுப்பக் கணக்குப் போட்டதெல்லாம் சரி, கடைசியில் அது குலத்தொழிலுக்கே திரும்பிவிட்டது.

கதவு, தாள், புள்ளி

இன்று கிளையன்ட்டிடம் உள்ள கருவிகள் மூன்று. முதலாவது கதவு.

கிளையன்ட் வேலை நடக்கும், ஓடிசி எனப்படும் அறைக்கு வெளியே ஒரு கறுப்புப் பெட்டி. டேகைக் காட்டினால் கீச்சென்று ஒரு சத்தம், பச்சை விளக்கு, கதவு திறக்கும். உள்ளே போனது முதல் வெளியே வந்தது வரை வேலை நேரம். கட்டடம் கட்டியவர் கழிவறையையும் கேன்டீனையும் கதவுக்கு வெளியே வைத்துவிட்டார். எனவே ஒரு பணியாளர் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்பது அவருடைய உற்பத்தித் திறனைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்றாகிவிட்டது. சர்க்கரை வியாதிக்காரர்களின் வேலை நேரம் மற்றவர்களைவிடக் குறைவாகக் காட்டும்.

டெயில்கேட்டிங் என்றொரு குற்றமும் உண்டு. முன்னால் போகிறவர் மரியாதைக்குக் கதவைப் பிடித்துக்கொள்ள, பின்னால் வருபவர் டேகைக் காட்டாமலே உள்ளே போய்விடுவது. கதவின் பார்வையில் அவர் வெளியே போனவர், திரும்பி வராதவர். சாயங்காலம் அவர் மறுபடியும் வெளியே போவார். ஒரே முறை உள்ளே வந்து இருமுறை வெளியேறிய அந்தப் பிறவியைப் பற்றி நியாய சாஸ்திரிகள் என்ன சொல்வார்களோ, வெண்டர் இப்படிச் சொல்வார்:

“பாஸ், ஒரு சின்ன விஷயம். போன செவ்வாய்க்கிழமை உங்க ஸ்வைப் ஏழு மணி நாற்பத்தேழு நிமிஷம்தான் காட்டுது.”

“அன்னைக்கு ராத்திரி ஒன்றரை வரைக்கும் வீட்ல கால்ல இருந்தேனே சார்.”

“தெரியும் பாஸ். அது ஸ்வைப்ல வராதுல்ல.”

“கிளையன்ட் ஏதாவது சொன்னாங்களா?”

“சேச்சே, கிளையன்ட் எதுவும் சொல்லல. ரிப்போர்ட் மட்டும் அனுப்பினாங்க.”

இந்தக் கடைசி வரியை வாசகர் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். சட்டம் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இரண்டாவது கருவி தாள், அதாவது டைம்ஷீட். பெயர் தாள் என்றாலும் அது ஒரு திரை. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து கட்டங்கள், ஒவ்வொன்றிலும் எட்டு என்ற எண். பகலெல்லாம் சர்வர் கீழே விழுந்து கிடந்து சும்மா இருந்த நாளிலும் எட்டு. விழுந்ததைத் தூக்கி நிறுத்த விடிய விடிய உட்கார்ந்த நாளிலும் எட்டு. ஒன்பது என்று போட்டால் திரை சிவப்பாகி, முன் அனுமதி பெற்றீரா என்று கேட்கும். ஏழு என்று போட்டால் வெண்டர் போன் செய்வார். எனவே இத்துறையில் எட்டைக் கால அளவாகக் கொள்ளாமல் வணக்கம் சொல்வதுபோல் ஒரு மரபாகக் கொள்வதே பொருத்தம்.

மாதக் கடைசியில் கிளையன்ட்டின் கணக்குத் துறை இரண்டு நாள் முன்னதாகவே கடையை மூடிவிடும். அப்போது இன்னும் வராத வியாழனுக்கும் வெள்ளிக்கும் புதன்கிழமையே எட்டு எட்டு என்று நிரப்பி, ‘செய்து முடித்தேன்’ என்று சமர்ப்பிக்க வேண்டும். இது பொய்யல்லவா என்று கேட்பவர்கள் தமிழ் இலக்கணம் படிக்காதவர்கள். எதிர்காலத்தில் நடக்க வேண்டியதை விரைவு கருதி இறந்தகாலத்தில் சொல்வதைக் காலவழுவமைதி என்று நம் இலக்கணம் எப்போதோ மன்னித்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டே ‘இதோ வந்துட்டேன்’ என்கிறவன் வழுவமைதியின் பாதுகாப்பில் இருக்கிறான் என்றால், டைம்ஷீட்காரனும் அதே குடையின் கீழ்தான் நிற்கிறான்.

அமெரிக்கக் கிளையன்ட் என்றால் பஞ்சாங்கமும் அவர்களுடையது. நவம்பரின் நான்காவது வியாழன் அவர்களுக்கு நன்றி நவிலும் நாள், அலுவலகம் மூடியிருக்கும். நாள் கணக்கில் பில் போகும் இடங்களில் அன்றைக்கு நமக்குக் கூலி கிடையாது. வான்கோழியை உயிரோடோ குழம்போடோ பார்த்தேயிராத ஒருவர் வான்கோழியின் பொருட்டு ஒரு நாள் சம்பளத்தை இழக்கிறார். பொங்கலன்று பானை பொங்கும் நேரத்தில் அவரே ஸ்டேட்டஸ் காலில் இருப்பார். அதே நவம்பரின் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அவர்களுக்குக் காலை 10 மணிக் கூட்டம் 10 மணிக் கூட்டமாகவே இருக்க, நமக்கு இரவு ஏழரைக்கு இருந்தது எட்டரைக்கு நகர்ந்துவிடும். தள்ளிப்போன அந்த ஒரு மணி நேரத்தை எழுத டைம்ஷீட்டில் கட்டம் இல்லை.

மூன்றாவது கருவிதான் இந்த ஆய்வுக்குப் பெயர் கொடுத்தது. டீம்ஸ் செயலியில் நம் முகத்தின் ஓரத்தில் நிற்கும் ஒரு கடுகளவுப் புள்ளி. பச்சை என்றால் இருக்கிறார். சிவப்பு என்றால் வேலையில் மூழ்கியிருக்கிறார். கம்ப்யூட்டரை ஐந்து நிமிடம் தொடாமல் இருந்தால் மஞ்சள். மென்பொருள் வேலையில் கடினமான பகுதி யோசிப்பது. யோசிக்கும்போது கை சும்மா இருக்கும். எனவே யோசனை மஞ்சள். பேனா எடுத்துக் காகிதத்தில் கட்டம் போட்டுப் பார்த்தால் மஞ்சள். பக்கத்து நாற்காலிப் பெண்ணுக்கு அவருடைய பிழையைக் காட்டிக் கொடுத்தால் மஞ்சள். ஆன்லைனில் சட்டை பார்த்துக்கொண்டிருந்தால் பச்சை, பளிச்சென்ற பச்சை.

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் மின்சாரமும் நெட்டும் போய் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தண்ணீரில் நின்றபோது, புள்ளிகள் கூட்டம் கூட்டமாகச் சாம்பல் நிறம் அடைந்தன. தகவலாளர் ஒருவரின் போனில் சிக்னல் திரும்பியதும் வந்து விழுந்த செய்திகளில் வெண்டருடையவை இரண்டு. முதலாவது, பத்திரமாக இருக்கிறீர்களா என்றது. இரண்டாவது, அந்த நாட்களுக்கு டைம்ஷீட்டில் லீவ் என்று போடலாமா என்றது.

கதவு ஏழே முக்கால் என்கிறது, தாள் எட்டு என்கிறது, புள்ளி பத்து என்கிறது. மூன்றும் ஒரே ஆளின் ஒரே நாளைப் பற்றிய சாட்சியம். எதை ஏற்பது? களத்தில் கண்ட விதி எளியது. பணம் கொடுக்கும்போது மூன்றில் குறைந்தது கொள்ளப்படும். வேலை கேட்கும்போது அதிகமானது கொள்ளப்படும்.

அளக்கப்படுவோர் செய்வன

அளந்தால் ஏமாற்றுவார்கள் என்பது பழைய செய்தி. அரசாங்கப் பணத்தைக் கையாடும் வழிகள் 40 என்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பட்டியலிடுகிறது. 2013இல் பிரேசிலில் ஒரு மருத்துவர், வராத சக மருத்துவர்களுக்காகச் சிலிக்கான் விரல்களைக் கொண்டு கைரேகைக் கருவியில் வருகை போட்டு மாட்டினார். 2024இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டு ஓடுவதுபோல் பாவனை காட்டியதற்காகப் பத்துப் பேருக்கு மேற்பட்டோரை வேலையை விட்டு நீக்கியது. கான்ட்ராக்டருக்கே இடமில்லை என்று சட்டம் போட்ட நூறு நாள் வேலையிலும், தினமும் இரண்டு முறை செயலியில் குழுப்படம் ஏற்ற வேண்டும் என்றார்கள். 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே அதில் நடக்கும் முறைகேடுகளை ஏழாகப் பகுத்துச் சுற்றறிக்கை விட்டது. சம்பந்தமில்லாத படம் ஏற்றுவது, படத்தையே படம் பிடித்து ஏற்றுவது இரண்டும் அந்த ஏழில் அடக்கம். கௌடில்யரின் 40க்கு இன்னும் 33 பாக்கி. இளம் ஆய்வாளர்கள் முன்வர வேண்டும்.

ஓஎம்ஆர் முறைகள் எளிமையானவை. மவுஸை மேலே வைத்தால் தானாகச் சுழலும் ஒரு வட்டத்தட்டு ஆன்லைனில் கிடைக்கிறது. அதற்கும் காசு செலவழிக்க மனமில்லாதவர்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றி அதன் முகத்தின் மேல் மவுஸை வைக்கிறார்கள். நொடிமுள் நகர நகர, திரையில் அம்பு துளித்துளியாக நகரும். நேரத்தை அளப்பவருக்கு நேரத்தைக் கொண்டே பதில் சொல்லும் இந்த முறை, பண்டியின் நகைக்கடைக்குச் செய்யும் மரியாதையாகவும் அமைகிறது. நோட்பேடைத் திறந்து ஒரு விசையின் மேல் ஸ்டேப்ளரை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்களும் உண்டு. அது முரட்டு வழி, அழகியல் போதாது.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களிடம் தாய்வழி முறை வழக்கில் உள்ளது. பல்லாவரத்து வீடொன்றில் நடந்ததைத் தகவலாளர் சொன்னார். ஃபைபர்காரர் வந்து கீழே நிற்கிறார், வயரைக் காட்ட இவர் இறங்க வேண்டும். “அம்மா, இதை அப்பப்ப லேசா நகர்த்தி விடும்மா, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அம்மா சொன்னதைச் செய்தார். சொல்லாததையும் செய்தார். கீபோர்டில் தூசி இருந்ததால் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். இவர் மேலே வந்து பார்த்தபோது கிளையன்ட் குழுவில் இவர் பெயரில் பொருளற்ற எழுத்துகள் மூன்று வரி போயிருந்தன. கிளையன்ட் மேனேஜர் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்.

இந்த ஒரு தரவு பத்து ஆய்வேடுகளுக்குச் சமம். புள்ளி பச்சையாக இருக்கிறதா என்று பார்ப்பவர், புள்ளிக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை.

வராமலே இருந்துவிட்டால் என்ன ஆகும்? ஸ்பெயினின் காதிஸ் நகரத்து நீர் நிறுவனம் ஒன்றில் ஒரு பொறியாளர் குறைந்தது ஆறு ஆண்டுகள் வேலைக்கு வரவில்லை என்பது, அவருடைய 20 ஆண்டு சேவையைப் பாராட்டிப் பதக்கம் கொடுக்கத் தேடியபோதுதான் தெரியவந்தது. 2016 வாக்கில் நீதிமன்றம் அவருக்கு 27,000 யூரோ அபராதம் விதித்தது. கான்ட்ராக்ட் ஆளுக்கு இந்த அபாயம் இல்லை. அவருக்கு யாரும் பதக்கம் கொடுப்பதில்லை.

பார்த்தும் பாராமை

இப்போது சட்டம். குஜராத்தின் உப்பளங்களில் வேலை செய்த அகரியாக்கள் என்ற தொழிலாளர்கள் பற்றி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு 1957இன் சட்டத் தொகுப்புகளில் அச்சேறியது. அகரியாக்களுக்கு மணிக்கணக்கு இல்லை, வருகைப் பதிவு இல்லை, விளைந்த உப்பின் அளவுக்குத்தான் கூலி. உதவிக்கு ஆளும் அவர்களே வைத்துக்கொள்வார்கள். கம்பெனி சொன்னது, இவர்கள் கான்ட்ராக்டர்கள் என்று. நீதிமன்றம் சொன்னது, ஒவ்வொரு கட்டத்திலும் கூடவே நின்று மேற்பார்வை பார்க்கிறீர்கள், ஆகவே இவர்கள் உங்கள் தொழிலாளர்கள் என்று. என்ன வேலை என்று மட்டும் சொல்லாமல் எப்படிச் செய்ய வேண்டும் என்றும் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவர் எஜமானர்.

கிளையன்ட்டின் வக்கீல்களுக்கு வயிற்றைக் கலக்கிய இடம் இது. பார்க்கப் பார்க்க எஜமானர் ஆகிவிடுவோம். எஜமானர் ஆனால் பிஎஃப், கிராஜுவிட்டி, நிரந்தர வேலை என்று வரிசையாக வரும்.

மருந்து சென்னையிலிருந்தே கிடைத்தது. மீனம்பாக்கம் விமான நிலையத்துச் சரக்குத் தொழிலாளர் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாட்டை இரண்டாகப் பிரித்தது. ஆளை எங்கே அனுப்புவது, எவ்வளவு காலத்துக்கு என்று முடிவு செய்வது கான்ட்ராக்டர் என்றால், முதன்மைக் கட்டுப்பாடு அவருடையது. வந்த இடத்தில் வேலை வாங்குவது இரண்டாம்நிலைக் கட்டுப்பாடுதான். கிளையன்ட்டின் அதிகாரி மேற்பார்வை பார்த்தார் என்பது மட்டுமே ஆளை அவருடைய ஆளாக்கிவிடாது.

இப்போது செவ்வாய்க்கிழமை உரையாடலின் கடைசி வரிக்கு உரை எழுதலாம். ‘கிளையன்ட் எதுவும் சொல்லல’ என்பது முதன்மைக் கட்டுப்பாட்டைக் கிளையன்ட் எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்குச் சான்று. ‘ரிப்போர்ட் மட்டும் அனுப்பினாங்க’ என்பது இரண்டாம்நிலை. கதவு கிளையன்ட்டுடையது, டேக் கிளையன்ட்டுடையது, புள்ளியைப் பார்ப்பதும் கிளையன்ட். ஆனால் எட்டு மணி நேரத்தில் குறைந்த பதின்மூன்று நிமிடம் எங்கே என்று கேட்கும் வாய் மட்டும் வெண்டருடையது. அந்த வாய்க்குத்தான் நம் பில்லில் ஒரு பங்கு போகிறது. அதிகம் என்று யாரும் சொல்லிவிட முடியாது, கூச்சமில்லாமல் கேட்பதும் ஒரு திறமைதான்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், கிளையன்ட் கட்டாயம் வந்து நின்று பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரு நேரத்தைக் குறித்தது. கான்ட்ராக்டர் கூலி பட்டுவாடா செய்யும் நேரம். அப்போது முதன்மை வேலையளிப்பவரின், அதாவது கிளையன்ட்டின், பிரதிநிதி பக்கத்தில் இருந்து, கொடுத்த தொகை சரி என்று சான்று தர வேண்டும் என்றது. கான்ட்ராக்டர் கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே கொடுக்க வேண்டும் என்றது. வருகையையும் கழிவறைக்குப் போன நேரத்தையும் மவுஸ் நகர்வையும் பார்க்கும் கண்கள், சட்டம் பார்க்கச் சொன்ன இந்த ஓர் இடத்தை மட்டும் எப்படியோ தவறவிட்டுவிட்டன என்பதே இவ்வாய்வின் முடிபு.

ஆகவே இதைப் படிக்கும் கிளையன்ட் மேனேஜர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் மாதக் கடைசி டைம்ஷீட் உங்கள் அனுமதிக்காகக் கிடக்கிறது. லீவில் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் அதை அப்ரூவ் செய்துவிட்டுப் போங்கள். நீங்கள் அப்ரூவ் செய்யாமல் வெண்டர் இன்வாய்ஸ் போட மாட்டார், இன்வாய்ஸ் போகாமல் எங்களுக்குச் சம்பளம் போட மாட்டார். வீட்டுக் கடன் இஎம்ஐ மட்டும் ஐந்தாம் தேதியே கணக்கிலிருந்து போய்விடும்.